கோத்தகிரியிலிருந்து கிண்டிலில் எழுதிச் சம்பாதிப்பது

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, இங்கே அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் என் பாட்டி. அவர் சொன்ன கதைகளைத்தான் நாமே புத்தகம் வெளியிட அமேசான் நடத்தும் கேடிபி தளத்தில் மின்னூலாகப் போட்டேன். காசு கொடுத்து அச்சடிக்க என்னிடம் வழியில்லை, இதில் ஏற்றுவதற்குப் பைசா செலவில்லை.

கோப்பு யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் முதலில் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் எழுத்தெல்லாம் குப்பையாகத் தெரியும். முன்னோட்டத்தில் பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில்கூட. அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை. இந்த நிபந்தனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கிண்டில் அன்லிமிடெட் என்ற மின்னூல் சந்தாத் திட்டத்தில் இருப்பவர்கள் படிக்கும் பக்கங்களுக்கும் காசு வருவது இதனால்தான். எனக்கு விற்பனையைவிட அதில்தான் வரவு அதிகம். காலையில் அறிக்கையைத் திறந்தால், யாரோ ராத்திரி முழுத் தொகுப்பையும் படித்திருப்பது வரைபடத்தில் பட்டையாக நிமிர்ந்து நிற்கும். பாட்டியிடம் ஓடிப்போய்க் காட்டுவேன்.

மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்தே பணம் வங்கிக்கு வரும். வேலையை விட்டுவிட்டு இதை நம்பாதீர்கள். மற்றபடி, எழுதுகிறவர்கள் தயங்காமல் இறங்கலாம்.