டைல்ஸுக்கு அடியில் போன மூடி

ஊருக்குப் போன மறுநாளே பாத்ரூமில் தண்ணீர் இறங்கவில்லை. "டேங்க் ரொம்பியிருக்கும்ப்பா, லாரிக்குச் சொல்லு" என்றார் அம்மா. எங்கள் தெருவுக்குப் பாதாள சாக்கடை இன்னும் வரவில்லை, செப்டிக் டேங்க்தான்.

லாரி வந்தது. டிரைவர் கேட்ட முதல் கேள்வி: "மூடி எங்க சார்?"

யாருக்கும் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு கார் நிறுத்துவதற்காகப் பக்கவாட்டில் டைல்ஸ் போட்டபோது, கொத்தனார் மூடியையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போயிருக்கிறார். இங்கிலாந்தில் நான் இருக்கும் கிராமத்து வீட்டிலும் செப்டிக் டேங்க்தான். அங்கே மூடி புல்தரையில் பச்சையாகக் கண்ணுக்கு முன்னால் இருக்கும். இங்கே ஒன்றரை மணி நேரம் தேடினோம். காற்றுக் குழாய் எங்கே ஏறுகிறது என்று பார்த்து, அங்கிருந்து கடப்பாரையால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே வந்தார் டிரைவர். ஓரிடத்தில் சத்தம் பொள்ளலாகக் கேட்டது. நான்கு டைல்ஸ் உடைந்தன.

சிலாபை நகர்த்தியதும் அரையடி கனத்துக்குக் கழிவு கறுத்து ஆடை கட்டியிருந்தது தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் சிகரெட்டை முதலில் அணைக்கச் சொன்னார் டிரைவர். மீத்தேன் இருக்குமே. அடைப்பு உள்ளே இருக்கிற 'T' வடிவக் குழாயில் என்று தெரிந்ததும் உறவினர் ஒருவர், "ஒரு ஆளை இறக்கினா அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

"எவ்வளவு கொடுத்தாலும் ஆள் இறங்க மாட்டோம் சார்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே இதை எழுதுகிறேன். சின்ன வயதில் இதே டேங்குக்குள் இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் இறங்கியதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்குக்கு வாடையே தெரியாமல் போய்விடும், அதற்குள் ஆள் சாய்ந்துவிடுவார். இப்படி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. டிரைவர் மேலே நின்றபடியே தண்ணீரைப் பீய்ச்சி, நீளக் கம்பியால் குத்தி, ஹோஸால் உறிஞ்சி எடுத்தார்.

அப்புறம்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. டேங்கிலிருந்து வழிகிற தண்ணீர் நேராகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. இங்கிலாந்தில் டேங்க் தண்ணீரை நேராக ஓடையில் விட 2020 முதல் அனுமதி இல்லை. மண்ணுக்குள் வடிய விட வேண்டும், இல்லையென்றால் சின்னதாக ஒரு சுத்திகரிப்புக் கருவி வைக்க வேண்டும். இங்கேயும் உறிஞ்சு குழி போடலாம். ஆனால் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தோட்டத்துக் கடைசியில் வாழைக்குப் பக்கம் அளந்தேன், 22 மீட்டர் வந்தது. அம்மாவும் சரி என்றார், குழிக்குள் இறக்கும் சிமெண்ட் உறைக்குச் சொல்லியாயிற்று.

முன்பெல்லாம் துவைகல் தண்ணீர் அந்த வாழைக்குத்தான் போகும். பாத்ரூம் கட்டியபோது சோப்புத் தண்ணீரையும் டேங்கிலேயே சேர்த்துவிட்டார்கள். அவ்வளவு தண்ணீர் உள்ளே பாய்ந்தால் கசடு எப்படிப் படியும்? அதையும் பிரித்து வாழைக்கே திருப்பிவிட்டேன்.

உடைந்த இடத்தில் டைல்ஸ் போடாமல் இரும்புச் சட்டம் வைத்த மூடி போட்டாயிற்று. மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "மூடி, வடக்குச் சுவரிலிருந்து 7 அடி."