செயினை மட்டும் சீக்கிரம் மாற்றுவதா, எல்லாம் தேயும்வரை ஓட்டுவதா?

கியர் சைக்கிள்காரர்களில் இரண்டு கட்சி உண்டு. செயின் கொஞ்சம் தேய்ந்ததுமே அதை மட்டும் மாற்றி, பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டையும் முன்பக்கப் பல்சக்கரங்களையும் காப்பாற்றிக்கொள்வது ஒரு கட்சி. எதையும் தொடாமல் ஸ்லிப் ஆகும்வரை ஓட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவது இன்னொரு கட்சி. என்னுடையது முன்னால் 3, பின்னால் 8 கியர் உள்ள ஹைப்ரிட். போன மழைக்காலம் முடிந்ததும் கடையில் மொத்த செட்டையும் மாற்றச் சொன்னார்கள். அளந்து பார்த்துவிட்டுச் செயினை மட்டும் மாற்றினேன். இப்போதும் அந்தப் பக்கம்தான்.

அளப்பது சுலபம். செயினின் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் ஆணிகளும் அவை சுழலும் துளைகளும் தேய்வதால், கண்ணிக்குக் கண்ணி மயிரிழை இடைவெளி கூடுகிறது. ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவே அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. பெடலை லேசாக அழுத்திச் செயினை விறைப்பாக்கி, 30 செ.மீ. ஸ்கேலை வைத்து 20 இடைவெளி எண்ணுங்கள். புதுச் செயினில் 25.4 செ.மீ. வரும். 25.6 வந்தால் நீட்சி 0.75 சதவீதம் தாண்டிவிட்டது, 8 ஸ்பீடு, அதாவது பின்னால் 8 கியர் உள்ள வண்டியின் செயினை மாற்றிவிடலாம். 11, 12 ஸ்பீடில் 0.5 சதவீதத்திலேயே மாற்றச் சொல்வார்கள். அந்த வண்டிகளை நான் வைத்துப் பராமரித்ததில்லை, அதனால் அங்கே கையேடு சொல்வதைக் கேளுங்கள்.

2 மி.மீ.க்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும், பல்லையும் தன் அளவுக்கே தேய்த்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தே தேய்வதால் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. அந்தப் பல்லில் புதுச் செயினைப் போட்டு எழுந்து நின்று மிதித்தால்தான் டக்கென்று வழுக்கும். சென்னைக் கடலோரச் சாலையான ஈசிஆரில் கோவளம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் ஆயிலில் ஒட்டிய மணல் உள்ளே போய் அரைத்துக்கொண்டே இருக்கும்.

சரி, விலைக்கு வருவோம். 8 ஸ்பீடில் செயினும் சரி, கேசட்டும் சரி, கையைக் கடிக்கிற விலை இல்லை. இரண்டு மூன்று செயின் வாங்கும் பணத்தில் ஒரு செயினும் ஒரு கேசட்டும் வந்துவிடுமே என்று இரண்டாவது கட்சி கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கணக்கோடு நின்றால் நானும் அவர்களோடு சேர்ந்துவிடுவேன். ஆனால் முன்பக்கத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

உங்கள் வண்டியின் முன்பக்கப் பல்சக்கரங்களைக் குனிந்து பாருங்கள். பெடல் தண்டுகளும் இந்தச் சக்கரங்களும் சேர்ந்ததுதான் கிராங்க் செட். விலை குறைந்த கிராங்க் செட்டுகளில் சக்கரங்களைப் போல்ட் போட்டு மாட்டாமல் ரிவெட் அடித்திருப்பார்கள். நடுச்சக்கரம் மட்டும் தேய்ந்தால் அதை மட்டும் கழற்ற முடியாது, கிராங்க் செட்டையே மாற்ற வேண்டும். அதற்குக் கிராங்க் புல்லர் என்ற கழற்றும் கருவி வேண்டும். பெடல் தண்டுகளை இணைக்கும் அச்சு சதுர முனை கொண்டது என்றால் புதுக் கிராங்குக்குப் பழைய அச்சின் நீளம் ஒத்துவராமல் போகலாம். அப்போது செயின் வரும் கோடு தள்ளிப்போய் முன் கியர் ஒழுங்காக விழாது, அச்சையும் மாற்ற வேண்டியிருக்கும். முன்னால் 3 பல்சக்கரம் உள்ள செட் இப்போது எல்லாக் கடையிலும் தயாராக இருப்பதுமில்லை. முன்பக்கச் சக்கரம் இரும்பு என்றால் தாக்குப்பிடிக்கும்தான், ஆனால் தேய்ந்த செயினை ஓட்டி ஓட்டி அதையும் கெடுத்துவிட்டால் மிச்சம் பிடித்த செயின் காசைவிட அதிகமாகப் போய்விடும். நான் முதல் கட்சிக்குப் போனதற்கு இதுதான் காரணம்.

புதுச் செயின் போட்டபின் வண்டி துள்ளினால் உடனே கேசட்டைக் குறை சொல்ல வேண்டாம். எல்லாக் கியரிலும், செயின் ஒரு சுற்று வரும்போதெல்லாம் ஒரு தடவை துள்ளினால் எங்கோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. அழுத்தாமல் மிதிக்கும்போதே கியர் தானாக ஏறி இறங்கினால் கேபிளைப் பாருங்கள். அழுத்தி மிதிக்கும்போது மட்டும், அதுவும் நீங்கள் அதிகம் ஓட்டும் அந்த ஒன்றிரண்டு பல்சக்கரங்களில் மட்டும் வழுக்கினால் கேசட் முடிந்தது. பழைய 6, 7 ஸ்பீடு வண்டிகள் பலவற்றில் கேசட் இருக்காது, மரை போட்டு ஏற்றிய ஃப்ரீவீல்தான் இருக்கும். மிதிக்க மிதிக்க அது இறுகிப் போயிருக்கும், அதற்குரிய கழற்றும் கருவியும் நீளமான ஸ்பேனரும் இல்லாமல் அசையாது.

கியர் இல்லாத பழைய கறுப்பு சைக்கிளுக்கு இவ்வளவு தேவையில்லை. பின்சக்கரத்தை இழுத்து வைத்துச் செயினை இறுக்கினால் அது பாட்டுக்கு ஓடும், அங்கே தேயும்வரை ஓட்டுவதே சரி.

கியர் வண்டியிலும் அளவு ஏற்கெனவே 1 சதவீதத்தை, அதாவது 25.65 செ.மீ.ஐத் தாண்டியிருந்தால் இரண்டாவது வழிதான். இப்போது புதுச் செயின் வாங்கினால் பெரும்பாலும் பழைய கேசட்டில் வழுக்கும். செயின் ஸ்லிப் ஆகும்வரை ஓட்டுங்கள், போக்குவரத்து நடுவில் மட்டும் எழுந்து நின்று மிதிக்காதீர்கள், அதற்குள் உங்கள் அச்சு நீளத்துக்குப் பொருந்தும் கிராங்க் செட் எங்கே கிடைக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.