ஃபத்தாவா, மக்கள் முன்னணியா? ஜெருசலேமுக்கு இரண்டு பாதைகள்

அரபு நாடுகள் ஒன்றுபட்டால்தான் பாலஸ்தீனம் மீளும் என்றது பின்னாளில் மக்கள் முன்னணியைத் தொடங்கிய ஜார்ஜ் ஹபாஷ் முதலில் கட்டிய அரபு தேசிய இயக்கம். 1950களின் கடைசியில் குவைத்தில் கூடிய யாசிர் அரபாத், கலீல் அல்-வசீர் போன்றோர் அதைத் தலைகீழாக்கினார்கள்: முதலில் பாலஸ்தீனம், ஒற்றுமை தானாக வரும். ஃபத்தா என்ற பாலஸ்தீன இயக்கம் அங்கே பிறந்தது. பின்னாளில் வந்த எல்லாப் பிரிவுக்கும் வேர் இந்த வாதம்தான்.

ஃபத்தாவுக்குக் கறாரான சித்தாந்தம் கிடையாது. தொழுகையாளியும் இடதுசாரியும் வியாபாரியும் அதில் இருக்க முடிந்தது. அரபு அரசுகளின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்றது, வளைகுடாப் பணமும் வந்தது. 1968 மார்ச்சில் ஜோர்தானின் கராமே ஊரில் ஜோர்தான் ராணுவத்தோடு சேர்ந்து இஸ்ரேலியப் படையை எதிர்த்து நின்றதும் முகாம் இளைஞர்கள் திரண்டார்கள். அடுத்த ஆண்டே அரபாத், பாலஸ்தீன இயக்கங்களின் கூட்டமைப்பான பி.எல்.ஓ.வின் (பாலஸ்தீன விடுதலை அமைப்பு) தலைவர்.

ஹபாஷ் மருத்துவர், 1948இல் பாலஸ்தீன ஊரான லித்தாவிலிருந்து குடும்பத்தோடு விரட்டப்பட்டவர். 1967 போரில் இஸ்ரேலிடம் கண்ட தோல்வி அரபு அரசுகள்மேல் அவருக்கிருந்த நம்பிக்கையை முறித்தது. அந்த டிசம்பரில் அவர் தொடங்கிய பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணி மார்க்சியத்தை ஏற்று, அரபு மன்னர்களையும் எதிரிப் பட்டியலில் சேர்த்தது. கொள்கைத் தெளிவில் முன்னணியே ஒரு படி மேல். ஆனால் அந்தக் கறார்த்தனத்தால் உள்ளேயே உடைந்தது: 1968இல் அதன் தலைவர்களில் ஒருவரான அகமது ஜிப்ரீல் பிரிந்தார், 1969இல் இன்னொருவரான நயீஃப் ஹவாத்மே.

1970 செப்டம்பரில் முன்னணி விமானங்களைக் கடத்தி ஜோர்தான் பாலைவனத்தில் தகர்த்தது. சில நாளில் மன்னர் ஹுசைனின் பீரங்கிகள் அகதி முகாம்கள்மேல் திரும்பின. மோதல் முன்பே முற்றியிருந்தது, பழி முழுவதும் முன்னணியுடையதல்ல. இருந்தும், முகாம் மக்களைக் கேட்காமல் அவர்கள் உயிரைப் பணயம் வைத்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

இஸ்ரேலும் பி.எல்.ஓ.வும் செய்துகொண்ட ஒஸ்லோ ஒப்பந்தத்தில் கதை மாறுகிறது. 1993இல் பி.எல்.ஓ. இஸ்ரேலை நாடாக அங்கீகரித்தது. பதிலுக்குக் கிடைத்தது பாலஸ்தீனர்களின் பிரதிநிதி என்ற அங்கீகாரம் மட்டும். ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள் எல்லாம் பிறகு பேசலாம் என்று தள்ளிவைக்கப்பட்டன. ஹபாஷ் எதிர்த்தார், அவர் எதிர்த்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஃபத்தாமேல் கசந்தவர்கள் அவரிடம் வரவில்லை. 2006 பாலஸ்தீன நாடாளுமன்றத் தேர்தலில் 132 இடங்களில் இஸ்லாமிய இயக்கமான ஹமாஸ் 74, ஃபத்தா 45, முன்னணி 3.

ஜெருசலேமில் அடக்கமாக விரும்பிய அரபாத்தின் கல்லறை ரமல்லாவில் இருக்கிறது. ஒஸ்லோ திறந்த வாசல் வழியே ஊர் திரும்ப மறுத்த ஹபாஷ் 2008இல் அம்மானில் இறந்தார்.