ஸ்கேட்டில் மாட்டும் வெயிட் ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. போனது போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்க மனம் வரவில்லை. ஷூவிலும் ஸ்கேட்டிலும் கழற்றி மாட்டுகிற வெயிட் இருக்கிறதே, அதை ஆன்லைனில் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்றைக்குத்தான் கடைசிப் பதிலும் வந்தது, கோபம் ஆறவில்லை. சொல்வது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம் என்கிற மாதிரியான பெரிய ஆன்லைன் சந்தை. அதற்குள் விளையாட்டுச் சாமான் மட்டும் விற்கும் ஒரு கடை. நட்சத்திரம் எல்லாம் பளபளவென்று இருந்தது. கீழே பாராட்டு மழை. அந்தப் பாராட்டுகளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

பொருள் இதுதான். நீள்சதுரமாக ஒரு எஃகுக் கட்டி. இன்லைன் ஸ்கேட்டில் (சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்குமே, அது) சக்கரங்களைப் பிடித்திருக்கும் பிரேமில் பக்கவாட்டில் வைத்து இரண்டு போல்ட் போட்டு முடுக்கினால் உட்கார்ந்துவிடும். ஓட்டப் பயிற்சிக்குப் போகும்போது கழற்றி, கூட வரும் பட்டையில் போட்டு ஷூ லேஸ் மேல் கட்டிக்கொள்ளலாம். ஒரு காலுக்கு 500 கிராம். பாரத்தோடு பழகிவிட்டுக் கழற்றினால் கால் பறக்கும் என்பதுதான் விற்கிறவர்கள் எல்லோரும் சொல்வது. பனியில் ஹாக்கி ஆடுகிறவர்களும் பிளேடுக்கு மேலே இருக்கும் இடுக்கில் இதே மாதிரி ஒன்றை மாட்டுவது உண்டு. புதுச் சரக்கு ஒன்றும் இல்லை.

வாங்குவதற்கு முன்னால் கடைக்காரரிடம் வீடியோ காலில் பேசினேன். அங்கேதான் விழுந்தேன். எப்படி விழ வைத்தார் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்து அவர் உங்களிடம் பேசுவார்.

நான் கேட்டது 750 கிராம் செட். விலை அதிகம். எந்தக் கடைக்காரராவது வேண்டாம் என்பாரா? இவர் சொன்னார். "750 வேண்டாம் சார். கால் நுனியில் மாட்டுற வெயிட்டை உடம்பில் சுமக்கிற வெயிட் மாதிரி நினைக்காதீங்க. 500 போதும். அதையும் முதல் நாளே மாட்டிக்கிட்டு வேகம் எடுக்காதீங்க, முழங்கால் தாங்காது." அதோடு விடவில்லை. 1969இல் வந்த ஆய்வு ஒன்றைச் சொன்னார்: பாதத்தில் கட்டிய ஒரு கிலோ, உடம்போடு சேர்த்துச் சுமக்கும் ஒரு கிலோவை விட நாலு முதல் ஆறு மடங்கு சக்தியைத் தின்னும் என்று. ஷூவில் 100 கிராம் கூடினாலே ஓடுவதற்குச் சுமார் 1 சதவீதம் அதிகமாக ஆக்சிஜன் செலவாகும் என்றார். இடுப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் எடை இருக்கிறதோ அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப காலை வீசுவது கஷ்டமாகும், பாதம்தான் எல்லாவற்றிலும் தூரம் என்று விரலை மடக்கி விளக்கினார்.

பிற்பாடு தேடிப் பார்த்தேன். அவர் சொன்ன அத்தனையும் சரி. ஒரு எழுத்து பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பாடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டுப் பொருளில் கை வைத்த ஆள் அவர்.

அப்புறம் தராசு. நான் கேட்கவே இல்லை, அவராகவே எடுத்து மேசை மேல் வைத்தார். முதலில் வெறும் தட்டைக் காட்டி, பொத்தானை அமுக்கிப் பூஜ்யம் ஆக்கினார். கேமராவைக் கிட்டே கொண்டுபோனார். ஒரு கட்டியை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டி, தட்டில் வைத்தார். 502. "ரெண்டு கிராம் உங்களுக்கு இனாம் சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அரை மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டேன்.

பார்சல் ஒழுங்காகத்தான் வந்தது. பெட்டிக்குள் ஸ்பாஞ்ச் வெட்டிப் பதித்திருந்தார்கள், கட்டி மேல் '500' என்று பொறித்திருந்தது, ஆலன் சாவி கூட வைத்திருந்தார்கள். கையில் எடுத்தால் கனமாகத்தான் தோன்றியது. ஒரு நெற்றுத் தேங்காயைத் தூக்கிப் பார்த்துக் கனம் சொல்கிற பழக்கம் நம் கைக்கு உண்டு, இரும்பில் அந்தப் பழக்கம் இல்லை. இரும்பு என்று கண் சொன்னதும் கையும் கனம் என்று ஒத்துக்கொள்கிறது.

இன்னொரு விஷயம், இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். வெயிட் போட்டுப் பயிற்சி செய்துவிட்டுக் கழற்றினதும் கால் காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும். அந்த உணர்வு எடை சரியாக இருந்தால்தான் வரும் என்று இல்லை. பாதி எடையிலும் வரும். பேஸ்பால் ஆடுகிறவர்கள் கனமான மட்டையைச் சுழற்றிவிட்டுச் சாதா மட்டையை எடுத்தால் வேகமாகச் சுழற்றுவதாக நினைக்கிறார்கள். அளந்து பார்த்தால் வேகம் கூடவில்லை, குறையக்கூடச் செய்கிறது. உணர்வு வேறு, வேகம் வேறு. இந்த வியாபாரத்தில் ஏமாற்றுவது சுலபமாக இருப்பது இதனால்தான். வாங்கியவருக்குக் கால் இலேசாகிவிடுகிறது, சந்தோஷமாகி ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார். எடை போட்டுப் பார்க்க எவருக்குத் தோன்றும்? பாராட்டு மழை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. அதில் ஒன்றில்கூட எடை போட்டுப் பார்த்ததாக ஒருவரும் எழுதவில்லை, திரும்பவும் போய்ப் படித்துவிட்டேன்.

முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல, கோச். "வலது கால் முன்னாடியே வந்துடுதே, இடது ஏன் இழுக்குது?" என்றார். அசதி என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வலது ஸ்கேட்டில் சக்கரம் சுற்றும்போது நறநறவென்று ஒரு சத்தம். பேரிங் போய்விட்டதாக்கும் என்று கழற்றினேன். ஒரு ஸ்கேட்டுக்கு நாலு சக்கரம், எட்டு பேரிங். எல்லோரும் போடுகிற அதே 608, வெளி விட்டம் 22 மில்லிமீட்டர், உள் துளை 8. மூடியைப் பிடித்திருக்கும் மெல்லிய வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்தேன். உள்ளே கிரீஸோடு சேர்ந்து பழுப்பாக மணல். நாங்கள் ஓட்டுவது மழமழவென்று தேய்த்த உள்ளரங்கத் தரை. அங்கே மணலுக்கு வழியே இல்லை. இடது ஸ்கேட்டைத் திறந்தால் சுத்தமாக இருக்கிறது.

வெயிட்டைக் கழற்றிக் கவிழ்த்தேன். போல்ட் துளை ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு பிளவு. தட்டினால் பொலபொலவென்று கொஞ்சம் உதிர்ந்தது.

தராசில் வைத்தேன். வலது 212 கிராம். இடது, அது உதிரவே இல்லை, 268 கிராம். இரண்டையும் சேர்த்தால் 480. ஒரு காலுக்கு 500 என்று பொறித்துக் கொடுத்த பொருள், இரண்டு காலும் சேர்ந்தும் 500ஐத் தொடவில்லை.

அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 10 சென்டிமீட்டர் நீளம், 4 அகலம், 1.6 உயரம். பெருக்கினால் 64 கன சென்டிமீட்டர். எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 7.85 கிராம், ஆக 500க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. வெளி அளவை அவ்வளவு கணக்காகச் செய்திருக்கிறார்கள். வலது கட்டியை வைஸில் பிடித்து ரம்பம் போட்டேன். தகரப் பெட்டி மாதிரி மெல்லிய கூடு, உள்ளே மணல். இவ்வளவு நாளும் மணல் மூட்டை சுமந்திருக்கிறேன். அந்த வீடியோ காலில் தராசில் ஏறிய ஒரு கட்டி மட்டும்தான் அந்தக் கடையில் நிஜ எஃகு போலிருக்கிறது.

அரை மாதச் சம்பளம். மணலுக்கு.

இனி அவர்கள் பதில் சொன்ன அழகு. கடைக்காரரின் எண்ணுக்கு அழைத்தால் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. தளத்தின் உதவிப் பகுதியில் போய் எழுதினால் முதலில் ஒரு இயந்திரம் பேசும். "உங்கள் குறை எங்களுக்கு மிகவும் முக்கியம்." சரி. அப்புறம் மனிதர் ஒருவர் வந்தார். விற்பவர் வேறு, நாங்கள் வேறு என்றார். பணத்தை வாங்கியது யார் என்று கேட்டேன், வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டார். அவர், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்துவிட்டது என்றார். பழுதைப் பற்றிக் கேட்கவில்லை, எழுதியிருக்கும் எடையே இல்லை, இது ஏமாற்று என்று எழுதினேன். உடனே பேச்சு மாறியது: "உங்கள் தராசு துல்லியமானது என்பதற்குச் சான்று உண்டா?"

தண்ணீரை அளந்து வைத்து வீடியோ எடுத்தேன். 500 மில்லி தண்ணீர் 500 கிராம் இருக்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். என் தராசு 499 காட்டியது. அனுப்பினேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "தண்ணீர் அங்கீகரிக்கப்பட்ட எடைச் சான்றாகக் கருதப்படாது." இதைத் தட்டச்சு செய்தவர் முகத்தை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று ஆசை.

இதற்கு நடுவே கடைக்காரரிடமிருந்து ஒரே ஒரு செய்தி. வலது கட்டி பயன்பாட்டில் கசிந்ததால்தான் எடை குறைந்திருக்கிறது, எடைக் குறைவு தயாரிப்புக் குறை அல்ல என்று! எஃகு எங்கேயாவது கசியுமா? 'முழு எஃகு' என்று விளம்பரம் போட்டுவிட்டு, கசிந்துவிட்டது என்று தன் வாயாலேயே ஒத்துக்கொள்கிறார். அதைத் தளத்துக்கு அனுப்பி, இதோ அவரே சொல்லிவிட்டார் என்றேன். "பொருள் வாடிக்கையாளரால் வெட்டப்பட்டுள்ளதால் திரும்பப் பெற இயலாது" என்று புகாரை மூடிவிட்டார்கள். வெட்டாத இடது கட்டி இருக்கிறதே, 268 கிராம், அதை எடை போடுங்கள் என்றால், செட்டாக இருந்தால்தான் பரிசீலிப்பார்களாம். நான் போட்ட ஒரு நட்சத்திர விமர்சனமும் மறுநாள் காணோம், விதிமுறைக்குப் பொருந்தவில்லையாம். கடைசியாக இன்று வந்தது ஒரு கூப்பன். அடுத்த கொள்முதலில் பத்து சதவீதம் தள்ளுபடி. அரை மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் கொண்டுவா என்கிறார்கள்.

கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் சார்ஜ்பேக் கேட்டு, அதாவது கட்டிய பணத்தை வங்கியே திரும்ப வாங்கித் தரச் சொல்லி, மனு போட்டிருக்கிறேன். படங்கள், தண்ணீர் வீடியோ, 'கசிந்தது' செய்தி எல்லாம் சேர்த்து அனுப்பியாயிற்று. இன்னும் பதில் இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுதி எழுதிக் கோபம்தான் ஏறுகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டி வந்ததும் மாட்டாதீர்கள், முதலில் எடை போடுங்கள். இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள், ஏனென்றால் மொத்தம் சரியாக இருந்து ஒரு பக்கம் மட்டும் குறைந்தாலும் ஓட்டம் கோணலாகும். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து தராசு வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 7.85ஆல் பெருக்குங்கள், தராசு அதைவிட ரொம்பக் குறைத்துக் காட்டினால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. கார்டில் கட்டுங்கள். வீடியோ காலில் தராசைக் காட்டினால் மயங்காதீர்கள், அந்தக் கட்டியையே அனுப்பச் சொல்லுங்கள், அதில் உங்கள் பெயரை மார்க்கரால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஈயக் குண்டு நிரப்பியது என்று விற்றால் பிள்ளைகள் காலுக்கு வேண்டவே வேண்டாம், உறை கிழிந்தால் அது கைக்கும் வாய்க்கும் போகும்.

இவ்வளவுதான் இப்போதைக்கு. வங்கி ஏதாவது சொன்னால் கீழே சேர்க்கிறேன். பேரிங்கைக் கழுவிப் போட்டுப் பாருங்களேன் என்று யாரும் யோசனை சொல்ல வேண்டாம், கழுவியாயிற்று. குண்டெல்லாம் கீறல், எட்டையும் மாற்ற வேண்டும். அது அரை மாதச் சம்பளத்துக்கு மேலே தனிச் செலவு.