ஓஎம்ஆரில் வேலை, வீடு எங்கே? தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி, நாவலூர்

மதுரை, திருச்சிப் பக்கமிருந்து சென்னையின் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆருக்கு (பழைய மாமல்லபுரம் சாலை), அதாவது சோழிங்கநல்லூருக்கோ சிறுசேரிக்கோ, மாற்றலாகி வருபவர்கள் வீடு தேடும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். செல்போன் வரைபடத்தில் அலுவலகத்தைக் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் வாடகை பார்ப்பார்கள். தனி ஆளாக வந்தால் அதில் தப்பில்லை. குடும்பத்தோடு வருபவரிடம் கணக்கை வேறு இடத்தில் தொடங்கச் சொல்வேன்: அலுவலகம் போகாத ஆள் பகல் முழுக்க எப்படி நடமாடப் போகிறார்? வேலைக்குப் போகிறவருக்கு கேப் இருக்கும், கம்பெனி பஸ் இருக்கும், வாரத்தில் ஓரிரு நாள் வீட்டிலிருந்தே வேலையும் இருக்கலாம். மனைவிக்கோ கணவருக்கோ, கூடவே வரும் அம்மாவுக்கோ இது எதுவும் கிடையாது.

இந்தக் கண்ணோடு நான்கு இடங்களை எடுத்துக்கொள்கிறேன். கிழக்குத் தாம்பரம் என்றால் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கமும் சேர்த்துத்தான். நாவலூரைப் பற்றிச் சொல்வது தாழம்பூர், ஏகாட்டூர், படூருக்கும் ஏறக்குறைய பொருந்தும். மற்ற இரண்டும் மேடவாக்கம், வேளச்சேரி. போரூரும் ஆவடியும் நல்ல ஊர்களே, ஆனால் ஓஎம்ஆர் வேலைக்கு அவை வேறு திசை.

தினமும் போய் வருவது

தூரத்தை மட்டும் பார்த்தால் நாவலூருக்குப் போட்டியே இல்லை. சிறுசேரி சிப்காட் ஐடி வளாகம் நான்கைந்து கிலோமீட்டர்தான், சோழிங்கநல்லூரும் பக்கம். ஆனால் அந்த வசதி இன்றைய அலுவலகம் இருக்கும்வரைதான். நாளை கம்பெனி மாறி கிண்டிக்கோ மணப்பாக்கத்துக்கோ போக நேர்ந்தால், நாவலூர்க்காரர் ஓஎம்ஆரின் பெரும்பகுதியைத் தினமும் இரண்டு முறை கடக்க வேண்டும். ஐடியில் இரண்டு மூன்று வருடத்தில் கம்பெனி மாறுவது சாதாரணம். பிள்ளையின் பள்ளியை அந்த வேகத்தில் மாற்ற முடியாது.

மெட்ரோ வந்தால்? இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான வழித்தடம் ஓஎம்ஆர் வழியாகத்தான் வருகிறது. அது ஓடத் தொடங்கினால் நாவலூரைப் பற்றி இங்கே எழுதியதில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கும். அதுவரை தூண்களும் தடுப்புகளும் போக மிச்சமுள்ள சாலையில்தான் போய்வர வேண்டும். இன்னொன்று, 2021 ஆகஸ்ட் இறுதியில் பெருங்குடி உள்ளிட்ட நான்கு சுங்கச்சாவடிகளில் வசூலை நிறுத்தியபோது நாவலூர் சாவடியை மட்டும் விட்டுவைத்தார்கள்; 2023 அக்டோபரில் அங்கேயும் வசூல் நின்றுவிட்டது. கார் வைத்திருப்பவர் இப்போது அந்தக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

வேளச்சேரிக்கு 2007-லிருந்து பறக்கும் ரயில் இருக்கிறது. மயிலாப்பூர், சேப்பாக்கம் பக்கம் வேலை செய்யும் துணை வீட்டில் இருந்தால் இந்த ஒரு காரணமே போதும். ஓஎம்ஆருக்கு 570 பஸ் உண்டு, கிண்டியும் கைக்கெட்டும் தூரம். நான்கில் நகரத்துக்குள் இருக்கும் உணர்வைத் தருவது இது மட்டும்தான்.

தாம்பரம் ஓஎம்ஆர்க்காரருக்குத் தூரம், அதை மறைக்க வேண்டியதில்லை. சோழிங்கநல்லூருக்கு மேடவாக்கம் வழியாக சுமார் 15 கிலோமீட்டர். சிறுசேரிக்கு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாக இன்னும் அதிகம். காலையில் கேம்ப் ரோடு சந்திப்பைத் தாண்டவே பொறுமை வேண்டும். ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகக் கணக்குப் போடாதீர்கள். அதற்கு ஈடாகக் கிடைப்பது கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில். 1931-லிருந்து ஓடுகிறது. மெட்ரோ எப்போது, மேம்பாலம் எப்போது என்று எதற்காகவும் இங்கே காத்திருக்க வேண்டியதில்லை.

மேடவாக்கம் இரண்டுக்கும் நடுவில். 2022-ல் மேம்பாலம் திறந்தபின் சந்திப்பில் நெரிசல் கொஞ்சம் குறைந்தது. இப்போதைக்கு எந்த ரயிலும் கிடையாது. ஆனால் மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடம் பரங்கிமலை, மடிப்பாக்கம் வழியாக வந்து மேடவாக்கம், பெரும்பாக்கத்தைத் தொட்டுத்தான் முடிகிறது. மெட்ரோவால் அதிகம் மாறப்போகும் ஊர் எது என்று கேட்டால் நாவலூரைவிட மேடவாக்கத்தைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதற்கு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வழி திறக்கும்.

தண்ணீர்

வாடகையைவிட இதைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். கேள்வி இரண்டு: மே மாதத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, டிசம்பரில் எங்கே போகிறது?

இரண்டாவதை முதலில் பார்ப்போம். தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக ஓஎம்ஆருக்கு அடியில் புகுந்து, பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போகிறது. சதுப்பு நிலம் ஒரு காலத்தில் இருந்ததில் சிறு பகுதிதான் இப்போது மிச்சம். 2022-ல் அதற்கு ராம்சர் அங்கீகாரம் (முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச அங்கீகாரம்) கிடைத்தது, ஆனால் அதற்குள் சுற்றிலும் குடியிருப்புகள் வந்துவிட்டன. வேளச்சேரி இந்தச் சதுப்பு நிலத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. மேடவாக்கம், பெரும்பாக்கத்தின் தாழ்வான தெருக்கள் அதற்கு நீர் வரும் வழியில் இருக்கின்றன. 2015-லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்பதை இதை வைத்தே பாதி ஊகிக்கலாம். கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்துவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஓர் ஊரின் வெள்ள அனுபவத்துக்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. ராம் நகர், ஏஜிஎஸ் காலனி என்றால் தரைத்தளத்தைத் தொடவே வேண்டாம்.

தாம்பரத்தில் கிழக்கும் மேற்கும் இரண்டு வேறு ஊர்கள். மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி அடையாற்றை ஒட்டியது. 2015-ல் படகு போன இடம் அது. வாடகை குறைவாக இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள். தண்டவாளத்துக்குக் கிழக்கே பொதுவாக நிலம் மேடு, சேலையூர் ஏரியை ஒட்டிய சில தெருக்களைத் தவிர. நாவலூர் பக்கம் கட்டடத்துக்குக் கட்டடம் வேறுபடும். புது அடுக்குமாடி மண்ணைக் கொட்டி உயர்ந்து நிற்கும். அதற்குப் போகும் சாலை மட்டும் பழைய வயலின் மட்டத்திலேயே இருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வராது, நீங்களும் வெளியே போக முடியாது.

வீடு பார்க்கப் போகும்போது தரகரிடம் கேட்பதைவிட, தெருமுனையில் அயர்ன் வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். சுற்றுச்சுவரில் முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ, கரன்ட் மீட்டர் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி வைத்திருந்தாலோ, மேலே விசாரிக்கவே வேண்டாம்.

இனி கோடை. பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. நாவலூர் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. நெம்மேலியில் 2013-லேயே தினமும் 10 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் கடல்நீர் ஆலையும், 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் வந்துவிட்டன. ஓஎம்ஆரின் தெற்குப் பகுதியைத் தாண்டித்தான் அந்தக் குழாய்கள் நகரத்துக்குப் போகின்றன, ஆனாலும் அங்குள்ள பெரிய அடுக்குமாடிகள் பெரும்பாலும் லாரித் தண்ணீரையே நம்பியிருக்கின்றன. போர்வெல் தண்ணீர் பல இடத்தில் உப்பு. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் ஓஎம்ஆர் கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்ன அளவுக்குப் போனது. வீட்டில் மட்டும் தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும்! வாடகைக்கு மேல் மெயின்டனன்ஸ் என்று ஒன்று சொல்வார்கள். அதில் லாரித் தண்ணீர் அடங்குமா, கோடையில் தனியாக வாங்குவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிழக்குத் தாம்பரத்தில் தனி வீடுகளும் சின்ன அடுக்குமாடிகளும் அதிகம், கிணறும் போரும் ஓரளவு கைகொடுக்கும். இருந்தாலும் கோடையில் ஒன்றிரண்டு லாரி எங்கேயும் தவிர்க்க முடியாது.

காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை

தாம்பரத்தில் ஒருவர் தனியாக வெளியே கிளம்பினால் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. மேற்கே சண்முகம் சாலையில் காய்கறி முதல் பாத்திரம் வரை எல்லாம் கிடைக்கும். ரயில் ஏறினால் மாம்பலம், இறங்கினால் தி.நகர். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் இல்லை. தெற்கே போகும் ரயில்கள் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கும், 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் பக்கம். மதுரை, நெல்லைக்காரர்களுக்குப் பொங்கல் சமயத்தில் இதன் அருமை தெரியும். கோவைக்காரர்களுக்கு ரயில் விஷயத்தில் இது பொருந்தாது, அவர்கள் சென்ட்ரலுக்குத்தான் போக வேண்டும்.

நாவலூரில் பகல் வேறு மாதிரி. கேட்டுக்குள் பூங்கா இருக்கும், நீச்சல் குளம் இருக்கும், பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடுவார்கள். இதைக் குறைத்துப் பேச மாட்டேன், சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் கேட்டுக்கு வெளியே நடைபாதை கிடையாது. பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்தால் பஸ் நிறுத்தத்துக்கே ஆட்டோ வேண்டும். மளிகை செல்போன் ஆப்பில் வரும், கீரைக்காரம்மா வர மாட்டார். மதுரையில் தெருவிலேயே பாதி நாளைக் கழித்த மாமியாரை பதினோராவது மாடியில் கொண்டுபோய் வைத்தால் அவர் ஆறே மாதத்தில் ஊருக்குப் பெட்டி கட்டிவிடுவார்.

வேளச்சேரியில் கடை, கோயில், மருத்துவமனை எல்லாம் நடக்கிற தூரம். விஜயநகர் பஸ் நிலையத்திலிருந்து எங்கேயும் போகலாம். மேடவாக்கத்தில் பிரதான சாலையை ஒட்டி வீடு கிடைத்தால் பரவாயில்லை. உள்ளே தள்ளிப் போகப் போக நாவலூரின் கஷ்டம் நாவலூரின் பூங்கா இல்லாமல் வரும்.

வாடகை, அட்வான்ஸ்

வேளச்சேரிதான் விலை அதிகம். அதே பணத்துக்கு நாவலூரில் ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும், மெயின்டனன்ஸைச் சேர்த்தால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். மேடவாக்கமும் கிழக்குத் தாம்பரமும் கிட்டத்தட்ட சமம்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அந்த ‘வேறு விதமாக’ எழுதிய தாளில்தான் பல வீட்டுக்காரர்கள் கையெழுத்துக் கேட்பார்கள். படித்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள், இப்போது ஐந்து மாதத்துக்கு இறங்கி வருபவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குப் பட்டது

இருவருமே ஓஎம்ஆரில் வேலை, பிள்ளை இன்னும் பள்ளிக்குப் போகவில்லை என்றால் நாவலூருக்கே போங்கள். ஒருவருக்கு ஓஎம்ஆர், இன்னொருவருக்கு நகரத்துக்குள் வேலை என்றால் வேளச்சேரி, முதல் மாடிக்கு மேலே. பள்ளி செல்லும் பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பத்துக்கு நான் கிழக்குத் தாம்பரத்தைத்தான் சொல்வேன். வேலைக்குப் போகிறவர் தினமும் கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுக்கிறார், மற்றவர்கள் நாள் முழுவதும் யார் தயவும் இல்லாமல் நடமாடுகிறார்கள். நியாயமான பங்கீடு.

மேடவாக்கத்தை வாடகைக்கு இன்று முதல் இடத்தில் வைக்க மாட்டேன். மெட்ரோவை நம்பி இப்போதே வீடு வாங்குவது என்றால் அது தனிக் கணக்கு. சிறுசேரிக்காரர் தாம்பரம் தூரம் என்று தயங்கினால் மட்டும், மேடவாக்கத்தில் தாம்பரம்–வேளச்சேரி பிரதான சாலைக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒரு வீட்டைப் பதினோரு மாதத்துக்கு எடுத்துப் பார்க்கலாம். ஜூனில் குடிவந்தால் ஒப்பந்தம் முடிவதற்குள் ஒரு மழைக்காலத்தையும் பார்த்துவிடலாம்.