‘ஐரிஷ் சீ மாஸ்’ பாக்கெட்: உள்ளே இருப்பது எந்தப் பாசி?

புதுச்சேரியில் ஆர்கானிக் கடை ஒன்றில் ‘ஐரிஷ் சீ மாஸ்’ 50 கிராம் பாக்கெட் 450 ரூபாய். இருமலுக்கு அயர்லாந்துக் கிராமத்து வைத்தியம் என்கிறது லேபிள். அப்படி ஒரு வைத்தியம் உண்டு. ஆனால் இது அந்தப் பாசி இல்லை.

அசல் பாசியை அயர்லாந்தில் கராகீன் என்பார்கள். குளிர்ந்த கடல்பாறையில் வளர்வது; தட்டையாக, விசிறி மாதிரி கிளை பிரிந்து விரல் நீளம் இருக்கும். பறிக்கும்போது கருஞ்சிவப்பு. நனைத்து நனைத்து வெயிலில் காயவைக்க, வெளிர்மஞ்சளாகிவிடும். பாக்கெட்டில் இருப்பதோ உருண்டையான குச்சிகள், மேலெல்லாம் உப்புப் பூத்து. ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கிறார்களே, அந்தக் கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி போலத்தான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஊறவையுங்கள்: கராகீன் பத்து நிமிடத்தில் இளகும், வடிவம் மாறாது. இது ராத்திரி முழுக்க ஊறி, கண்ணாடி போல உப்பிக்கொள்ளும். இதிலும் வழவழப்பு இறங்கும், கெடுதல் இல்லை. ஆனால் அயர்லாந்துப் பெயருக்குக் கொடுக்கும் காசு வீண்.

லேபிளில் உள்ள செய்முறையும் தப்பு. ‘ஒரு டம்ளருக்கு ஒரு பிடி’ போட்டால் பசைதான் கிடைக்கும். அசல் கராகீன் என்றால் அரை லிட்டர் பாண்லே பாக்கெட் பாலுக்கு 4 கிராம் போதும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், இல்லாவிட்டால் கவிச்சை போகாது. பாலில் போட்டு சிறுதீயில் 20 நிமிடம். கிளறாமல் விட்டால் அடிப்பிடிக்கும். சூடாக இருக்கும்போதே வடிகட்டி, கரண்டி முதுகால் அழுத்தித் தேயுங்கள். ஆறவிட்டால் வடிகட்டியிலேயே உறைந்துவிடும். பனங்கற்கண்டு கடைசியில். எலுமிச்சை பிழிவதானால் பாலுக்குப் பதில் தண்ணீரில் காய்ச்சி, இறக்கிய பிறகு பிழிய வேண்டும். புளிப்போடு கொதித்தால் வழவழப்பு நீர்த்துப்போகும்.

அந்த வழவழப்பு தொண்டையில் படிந்து அரிப்பை ஆற்றும். அவ்வளவுதான் இதன் வேலை. காய்ச்சல், மூச்சிரைப்பு இருந்தால் டாக்டரிடம் போங்கள். அயோடின் இருப்பதால் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடவேண்டாம்; இந்த எச்சரிக்கை லேபிளில் எங்குமே இல்லை, பெரிய குறை.

பாக்கெட்டுக்கு ஜிப் மூடியும் கிடையாது. நம் கடற்காற்றில் இரண்டே நாளில் பாசி நமுத்துவிடும், உடனே இறுக்கமான கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றுங்கள். வாங்குமுன் லேபிளில் ‘கோண்ட்ரஸ் கிரிஸ்பஸ்’ என்ற, கராகீனின் அறிவியல் பெயரைத் தேடுங்கள். வெறும் ‘சீ மாஸ்’ என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.