ஜாவா தெரியாமல் கிளோஜர்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

"கிளோஜர் கத்துக்கணுமா? முதல்ல ஜாவாவை முடிச்சிட்டு வா" என்று சொல்பவர்கள் சென்னையில் நிறைய. ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆர் நெடுக ஜாவா வேலைதான் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. கிளோஜர் ஜாவாவின் தளத்திலேயே ஓடும் ஒரு புரோகிராமிங் மொழி. நான் பைத்தானிலிருந்து நேராக அதற்கு வந்தவன். செங்குன்றத்தில் ஒரு அரிசி மண்டிக்கு பில்லிங், ஸ்டாக் இரண்டையும் இதில் எழுதிக் கொடுத்து, இன்றுவரை பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். ஜாவாவை முடித்துவிட்டு வர வேண்டிய அவசியம் துளியும் இல்லை. ஆனால் ஜாவா புரோகிராம்களை ஓட்டும் தளமான ஜேவிஎம் பக்கம் தலையே காட்டாமல் காலம் தள்ளவும் முடியாது.

காரணம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. 2007இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட நாளிலிருந்தே கிளோஜர் ஜேவிஎம் போன்ற இன்னொரு தளத்தின் மேல் குடியிருக்கும் மொழி. அதன் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) ஜாவாவின் ஸ்ட்ரிங்தான். எண்ணும், எக்ஸெப்ஷன் என்கிற பிழை அறிவிப்பும் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவைதான். நடுவே திரை எதுவும் போடவில்லை, வேண்டுமென்றே.

ஆரம்ப மாதங்களில் இது கண்ணில் படவே படாது. அன்றைய பில்கள் எல்லாம் ஒரு வெக்டர் (வரிசையான பட்டியல்), ஒவ்வொரு பில்லும் ஒரு மேப் (பெயரும் மதிப்பும் சேர்ந்த ஜோடிகள்). வியாபாரிவாரியாகப் பிரிக்க குரூப்-பை, கூட்ட ரெட்யூஸ். எடிட்டரில் ஒரு வரியை மட்டும் ஓட்டி, விடையைப் பக்கத்திலேயே பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். மதிப்புகள் மாறுவதில்லை என்பதால் "இதை யார் நடுவில் மாற்றினார்கள்?" என்று தேட வேண்டிய வேலை இல்லை. இந்தச் சுகத்துக்காகவே இந்த மொழியை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

சிக்கல் தொடங்குவது எரரில். அடைப்புக்குறிக்குள் முதலில் வர வேண்டியது ஃபங்ஷன். அங்கே எண் வந்துவிட்டால் "லாங்கை ஐஃபன்-ஆக மாற்ற முடியாது" என்று வரும், கீழே எது எதை அழைத்தது என்று காட்டும் நீளமான ஸ்டாக் டிரேஸ். எண்ணை ஃபங்ஷனாக அழைத்திருக்கிறாய் என்பதுதான் அதற்கு அர்த்தம், ஆனால் அதைச் சொல்வது ஜாவாவின் வாய். 2018இல் வந்த 1.10 பதிப்பு எரர் செய்திகளை நன்றாகவே சீராக்கியது, என்றாலும் முழுதாகத் தீரவில்லை. பெருங்குடி ஆபீஸில் பக்கத்து சீட் ஜாவா தம்பி சொன்ன ஒன்றுதான் எனக்குக் கைகொடுத்தது: "அண்ணா, மேலேர்ந்து படிக்காதீங்க. கடைசியா 'காஸ்டு பை'னு எங்க வருதோ அங்க போங்க, அதுக்குக் கீழ உங்க ஃபைல் பேரைத் தேடுங்க." பாதி நேரம் வரி எண்ணே கிடைத்துவிடும்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு ஸ்ட்ரிங் விஷயம் முக்கியம். "பச்சரிசி" நம் கணக்கில் 5 எழுத்து. கிளோஜரின் கவுண்ட் 8 என்கிறது. ஜாவா யுடிஎஃப்-16 என்ற குறியீட்டு முறையின் அலகுகளை எண்ணுகிறது, அதில் புள்ளி தனி, இகரக் குறி தனி. லேபிளில் இடமில்லை என்று 7இல் வெட்டினால் "பச்சரிச" என்று அச்சாகும். ஜாவாஸ்கிரிப்டாக மாறி ஓடும் கிளோஜர்ஸ்கிரிப்டுக்குப் போனாலும் அதே 8தான், ஜாவாஸ்கிரிப்டும் அப்படியே எண்ணுவதால். தீர்வும் ஜாவாவிலேயே இருக்கிறது: ஜாவா 9 முதல் ரெஜெக்ஸில் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் முறை) பின்சாய்வும் பெரிய எக்ஸும் சேர்ந்த குறி ஒரு முழு எழுத்தைப் பிடிக்கும். ரீ-சீக் ஃபங்ஷனிடம் அதைக் கொடுத்தால் ப, ச், ச, ரி, சி என்று ஐந்தாகப் பிரித்துத் தந்துவிடும். கிளோஜர் பாடங்களில் இதை நான் எங்கும் பார்க்கவில்லை.

பணக் கணக்கும் இப்படித்தான். எண்ணுக்குப் பின்னால் எம் சேர்த்தால் தசமத்தைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் ஆகும், பைசா சிதறாது. ஆனால் 10000 ரூபாய் லாரி வாடகையை மூன்று வியாபாரிகளுக்குப் பிரிக்கச் சொல்லுங்கள், விடை வராது, எக்ஸெப்ஷன்தான் வரும். முடிவில்லாத தசமத்தை எங்கே நிறுத்துவது என்று நாம் சொல்லாதவரை பிக்டெசிமல் வகுக்காது. கிளோஜரில் வித்-பிரிசிஷன் உண்டு, ஆனால் அது மொத்த இலக்கங்களை எண்ணுவது. புள்ளிக்குப் பின் 2 இலக்கம் என்று கறாராக வேண்டுமென்றால் ஜாவாவின் டிவைட் மெத்தடை நேராக அழைப்பதே சுத்தம். ஆளுக்கு 3333.33, மிஞ்சும் 1 பைசாவைக் கடைசி ஆள் தலையில் போடுகிறோம். மண்டிக்காரருக்கு இந்தக் கறார் ரொம்பப் பிடித்திருந்தது.

கிளாஸ்பாத் (லைப்ரரிகளைத் தேடும் இடங்கள்), ஹீப் (புரோகிராம் தன் தரவை வைக்கும் மெமரி) அளவு எல்லாம் சர்வரில் ஏற்றும்போது வரும். ஒன்றும் சொல்லாவிட்டால் ஜேவிஎம் பொதுவாக மெமரியில் கால்வாசி வரை ஹீப்புக்கு எடுத்துக்கொள்ளும் என்பது மட்டும் தெரிந்தால் சின்ன சர்வருக்கு ஆரம்பத்தில் போதும். ஃபங்ஷன் தன்னையே பலமுறை அழைக்கும் டீப் ரிகர்ஷன் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் ரீக்கர் ஏன் தனியாக இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கடைசி வேலையாக வரும் அழைப்பை (டெயில் கால்) ஜேவிஎம் தானாகச் சுருக்குவதில்லை, அதனால்தான் அது.

இன்ஹெரிட்டன்ஸ், ஸ்பிரிங், டிசைன் பேட்டர்ன் போன்ற ஜாவா பாடங்களில் எதுவும் இதுவரை எனக்குத் தேவைப்படவில்லை. ஒரு மெத்தடின் ஜாவாடாக் (விளக்கக் குறிப்பு) பக்கத்தைப் படித்து, என்ன வாங்கும், என்ன தரும் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு ஜாவா போதும். ஜேவிஎம் நிறுவவே தயங்குபவர்கள், அது இல்லாமலே கிளோஜர் ஓட்டும் பேபாஷ்காவில் தொடங்கலாம்: ஒரே ஃபைல், உடனே ஓடும். அன்றாடம் சிஎஸ்வி பிரிக்கிற, ஃபைல் பெயர் மாற்றுகிற வேலைகளை முதலில் அதில் எழுதிப் பாருங்கள்.